பொறுமையை அளக்க நம்பகமான வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் பொறுமையும் சுயகட்டுப்பாடும் எந்த நிலையில் இருக்கின்றன என்று முறையாகப் பார்க்க விரும்புகிறேன். மறதி நோய் உள்ள மாமியாரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "மாத்திரை கொடுத்தியாம்மா?" என்று கேட்பார். பதில் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவதற்குள் மறுபடி அதே கேள்வி. காலையில் சிரித்தபடி பதில் சொல்ல முடிகிறது. பொழுது சாய்ந்தால் குரல் தானாக ஏறுகிறது. இது களைப்பா, சுபாவமா என்று தெரிந்தால்தான் எதை மாற்றுவது என்று புரியும்.

உளவியலாளர்கள் டாங்னி, பாமைஸ்டர், பூன் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட சுயகட்டுப்பாட்டு அளவுகோலின் (நமக்கு நாமே மதிப்பெண் போடும் கேள்வித்தாள்) சுருக்க வடிவத்தைப் பார்த்தேன். 13 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். நல்லதுதான், ஆனால் ஆசையை அடக்குவது, சோம்பல், கெட்ட பழக்கம் பற்றியே அதிகம் கேட்கிறது. உளவியலாளர் சாரா ஷ்னிட்கர் 2012-இல் தந்த பொறுமை அளவுகோல் எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. மனிதர்களிடம் காட்டும் பொறுமை, வாழ்க்கைக் கஷ்டங்களில் பொறுமை, அன்றாடச் சின்னத் தொந்தரவுகளில் பொறுமை என்று தனித்தனியாகப் பிரிக்கிறார். ரேஷன் கடை வரிசையில் அசராமல் நிற்பவர் வீட்டில் சிடுசிடுக்கலாம் இல்லையா?

இவற்றின் தமிழ் வடிவம் யாரிடமாவது இருக்கிறதா? அப்புறம், நமக்கு நாமே மதிப்பெண் போட்டால் கூடக் குறைய வரும். என் கணவரையும் எனக்காகப் போடச் சொல்வது சரியாக இருக்குமா? நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் யாராவது தினமும் குறித்து வைத்திருந்தால், எதைக் குறித்தீர்கள் என்று சொல்லுங்கள்: நேரமா, தூக்கமா, பசியா?