சட்னி சாண்ட்விச்சுக்கு வெண்ணெய் வேண்டாமாம்! (மூணு வயசுப் பிறந்தநாள் பலகாரம்)

அடுப்படி_அமுதா:
மூணு வயசுக் குழந்தையோட பிறந்தநாளுக்கு 20 வாண்டுங்க வர்றாங்க, சிம்பிளா என்ன பண்ணலாம்னு புதுச்சேரி லாஸ்பேட்டையிலேர்ந்து ஒருத்தர் இந்த ஃபோரம்ல கேட்டிருந்தார். அதுக்கு மஞ்சக்குப்பத்தான் எழுதின பதில்: "சட்னி சாண்ட்விச்சைக் காலையிலேயே பண்ணி ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. வெண்ணெய் வீண் செலவு. சாயங்காலம் அஞ்சு மணிக்கும் அப்படியே இருக்கும்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அதனாலதான் தனித் திரி (த்ரெட்) போடுறேன்.

வெண்ணெய் ருசிக்குத் தடவுறது இல்ல. சட்னியோட ஈரம் பிரெட்டுக்குள்ள இறங்காம இருக்கத் தடவுறது. ரெண்டு ஸ்லைஸுக்கும், உள்பக்கம், ஓரம் வரைக்கும். நடுவுல மட்டும் ஒரு இழுப்பு இழுத்து விட்டா ஓரம் ஊறிப்போய், குழந்தை கையில எடுக்கும்போதே முக்கோணம் தொங்கி சட்டை மேல விழும்.

கணக்கும் சொல்றேன். 400 கிராம் பாக்கெட்ல முனை ரெண்டையும் தள்ளிட்டா 16 ஸ்லைஸ் தேறும். எட்டு சாண்ட்விச். ஒவ்வொண்ணையும் நாலா வெட்டினா 32 துண்டு. ஆளுக்கு மூணு துண்டுன்னா 20 பேருக்கு ரெண்டு பாக்கெட். ஸ்லைஸுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் வெச்சா மொத்தம் 160 கிராம் வெண்ணெய். இதுவா வீண் செலவு?

மஞ்சக்குப்பத்தான்:
அக்கா, சட்னியைத் தண்ணியா அரைச்சா எத்தனை வெண்ணெய் தடவினாலும் ஊறத்தான் செய்யும். கோளாறு சட்னியில. மல்லிக்கட்டைக் கழுவி, துணியில பரப்பி, ஈரம் சுத்தமா போனப்புறம் அரைக்கணும். ஒரு பெரிய கட்டுக்கு மூணு ஸ்பூன் பொட்டுக்கடலை, ஒரே ஒரு பச்சை மிளகாய் (விதையை எடுத்துட்டு), அரை எலுமிச்சம்பழம். தண்ணி ஒரு சொட்டு கூடாது. பொட்டுக்கடலை ஈரத்தை இழுத்துக்கும். தேங்காய் சேர்க்கவே கூடாது, நம்ம கடற்கரை வெயில்ல நாலு மணி நேரத்துல ஊசிப்போகும்.

அப்புறம் ஒரு கேள்வி. மே மாசம் 36, 37 டிகிரியில வெண்ணெய் எங்க நிக்கும்? உருகி பிரெட்டுக்குள்ளதான் போகும். தடுப்புச் சுவர்னு சொல்றீங்களே, அந்தச் சுவரே கரைஞ்சு போச்சே!

அடுப்படி_அமுதா:
பொட்டுக்கடலை எல்லாருக்கும் தெரியும் தம்பி, அது ஒண்ணும் புதுக் கண்டுபிடிப்பு இல்ல. அரைக்கும்போது தண்ணி விடலேன்னாலும், உப்பு சேர்ந்ததும் மல்லி தானா தண்ணி விடும். காலையில கெட்டியா இருந்த சட்னியோட ஓரத்துல மதியம் பச்சைத் தண்ணி நிக்குறதைப் பார்த்ததே இல்லையா? வெள்ளரிக்காய் வைக்கிறவங்களுக்கு இன்னும் மோசம். அதை மெல்லிசா சீவி, உப்பு தூவி, பத்து நிமிஷம் கழிச்சுப் பிழிஞ்சுதான் வைக்கணும். தக்காளி பக்கமே போகாதீங்க.

வெண்ணெய் உருகினா என்ன? அந்தக் கொழுப்பு பிரெட்டோட மேல்பக்கத்துலதான் ஏறி நிக்கும். அதுக்கு மேல தண்ணி சுலபமா இறங்காது. ஆனா ஓரம் வரைக்கும் தடவியிருக்கணும்.

ஃப்ரிட்ஜ் விஷயம்தான் இதுல பெரிய தப்பு. பிரெட்டை ஃப்ரிட்ஜ்ல வெச்சா, வெளியில வைக்கிறதைவிடச் சீக்கிரம் கெட்டியாகும். அந்தக் குளிர்ல மாவுச்சத்து மறுபடி இறுகிடும். உள்ள சொதசொதன்னும் வெளிய வரட்டு வரட்டுன்னும் இருக்குற சாண்ட்விச்சை எந்தக் குழந்தை தின்னும்?

அஞ்சு மணிக்கு விசேஷம்னா மூணு மணிக்குத் தடவுங்க. வெண்ணெய் இளகியிருக்கணும், கல்லு மாதிரி இருந்தா பிரெட்டைக் கிழிச்சிடும். இன்னைக்குச் சுட்ட பிரெட்டைவிட நேத்து சுட்டது கிழியாம வரும். அடுக்கி, மேல வாழை இலை போட்டு, அதுக்கு மேல நல்லா முறுக்கிப் பிழிஞ்ச ஈரத்துணி. துணி நேரா பிரெட் மேல படக்கூடாது. ஓரத்தை நறுக்கி முக்கோணம் போடுறது பரிமாறுறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடிதான். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைங்க.

கெடிலக்கரை_மாலா:
சிம்பிளா என்ன பண்றதுன்னு கேட்டவருக்கு ஈரத்துணி, வாழை இலை, கத்தி துடைக்கிறதுன்னு ஒரு புராணமே எழுதியாச்சு. பிரெட்டே எதுக்கு? திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் வந்து பாருங்க, குட்டி இட்லியும் தயிர்சாதமும் கேசரியும் வெச்சா ஒரு தட்டுலயும் மிச்சம் இருக்காது.

தயிர்சாதம் சாயங்காலம் புளிக்காம இருக்கணும்னா தயிரை அள்ளிக் கொட்டாதீங்க. ஒரு கப் அரிசிக்கு நாலு கப் தண்ணி விட்டுக் குழைய வேகவெச்சு, மசிச்சு, வெதுவெதுப்பா ஆனதும் ரெண்டு கப் காய்ச்சின பால், ரெண்டு ஸ்பூன் தயிர். அவ்வளவுதான், அஞ்சு மணிக்குப் பதமா இருக்கும். மாதுளை முத்து வேணும்னா கடைசியில. முன்னாடியே போட்டா சாதம் நிறம் மாறிடும்.

கேசரிக்கு கால் கிலோ ரவை போதும், 20 பிள்ளைங்களுக்கும் ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் வரும். சர்க்கரை ஒண்ணரைப் பங்கு, நெய் அரைப் பங்கு, தண்ணி ரெண்டரைப் பங்கு. மேல பண்ருட்டி முந்திரி முழுசா வறுத்துப் போட்டா கண்ணுக்கே விருந்து.

வில்லியனூர்_செல்வம்:
முழு முந்திரியா? வர்றது மூணு வயசுப் பிள்ளைங்க! நாலு வயசுக்குள்ள முழு முந்திரி, வேர்க்கடலை, பாப்கார்ன் எதுவுமே கொடுக்கக் கூடாது. சரியா மென்னு முழுங்கத் தெரியாது. ஓடிக்கிட்டே வாயில போட்டா நேரா மூச்சுக்குழாய்ல போய் அடைச்சுக்கும். முந்திரியைப் பொடிச்சு கேசரியோட கிளறுங்க. திராட்சை வெச்சா நீளவாக்குல நாலா வெட்டி வைங்க.

தண்ணியும் தப்பு. ரெண்டரைப் பங்குல பண்ணின கேசரி சூட்டுல நல்லா இருக்கும், ஆறினதும் நெய் உறைஞ்சு கட்டியாகும். சாயங்காலத்துக்கு மூணு பங்கு தண்ணி வேணும்.

கெடிலக்கரை_மாலா:
மூணு பங்கு விட்டா அது கேசரி இல்ல, கஞ்சி. ரவையை நெய்யில வாசனை வர்ற வரைக்கும் வறுத்து, கொதிக்கிற தண்ணியை விட்டு, முழுசா வெந்த பிறகு சர்க்கரை சேர்த்தா ரெண்டரையே தாராளம். ரவை வேகுறதுக்கு முன்னாடி சர்க்கரையைக் கொட்டுறவங்களுக்குத்தான் நறுக்கு நறுக்குன்னு நிக்கும், அப்புறம் தண்ணி பத்தலைன்னு புலம்புவாங்க. போன தடவை ரவா லட்டுத் திரியிலயும் நீங்க இப்படித்தான் குறை சொன்னீங்க செல்வம், எனக்கு மறக்கல.

வில்லியனூர்_செல்வம்:
ரவா லட்டுத் திரியில பால் தெளிச்சா மறுநாளே கெடும்னு சொன்னேன். அது இன்னைக்கும் சரிதான். கேசரிக்கு என்ன கலர் போடுறீங்கன்னு சொல்லவே இல்லையே? ரோடமைன்-பிங்கிற துணிச் சாயம் கலந்திருக்குன்னு பஞ்சுமிட்டாய்க்கு 2024 பிப்ரவரியில முதல்ல தடை போட்டது புதுச்சேரி. அதுக்கப்புறம்தான் தமிழ்நாடு போட்டுச்சு. குழந்தைங்க விஷயத்துல நாங்க முந்திக்கிட்டோம்.

கெடிலக்கரை_மாலா:
கலரே போடுறது இல்ல, ரெண்டு இழை குங்குமப்பூவைப் பால்ல ஊறவெச்சு விடுவோம். பஞ்சுமிட்டாய்க்கும் கேசரிக்கும் என்ன சம்பந்தம்?

அடுப்படி_அமுதா:
கேசரி பத்தித் தனியா திரி போடுங்க. இங்க கேள்வி வெண்ணெய். மஞ்சக்குப்பத்தான் இன்னும் பதில் சொல்லல.

மஞ்சக்குப்பத்தான்:
சொல்றேன். தடுப்பு வேணும்னே வெச்சுக்குவோம், அதுக்கு வெண்ணெய்தான் வேணுமா? முட்டையில்லாத மயோனைஸ் ஒரு ஸ்பூன்ல சட்னியைக் கலந்துடுங்க. கெட்டியா ஒட்டிக்கும், உருகி வழியாது, ஒரு வேலை மிச்சம்.

அடுப்படி_அமுதா:
மயோனைஸா! பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8-லேர்ந்து ஒரு வருஷம் தமிழ்நாட்டுல தடை போட்டாங்க. உங்க கடலூர் மஞ்சக்குப்பமும் தமிழ்நாட்டுலதான் இருக்கு. மூணு வயசுக் குழந்தைக்கு அதைச் சொல்றீங்க?

மஞ்சக்குப்பத்தான்:
"முட்டையில்லாத"ன்னு எழுதியிருக்கேன். கண்ணைத் துடைச்சிட்டுப் படிங்க.

வில்லியனூர்_செல்வம்:
அது தமிழ்நாட்டு அரசோட உத்தரவு. புதுச்சேரியில இருக்குறவர் கேட்ட கேள்விக்கு அது எப்படிப் பொருந்தும்?

அடுப்படி_அமுதா:
தமிழ்நாடு-புதுச்சேரி முள்ளோடை எல்லையில கிருமி இறங்கிடுமா செல்வம்? முட்டையில்லாததா இருந்தாலும் பாட்டிலைத் திறந்ததும் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கணும். அதைத் தடவி வெயில்ல ரெண்டு மணி நேரம் வெச்சா என்ன ஆகும்? அதோட மயோனைஸ்லயே தண்ணி இருக்கு. தண்ணிக்குத் தடுப்பா தண்ணியையே தடவுறதா? வெண்ணெய் பெரும்பாலும் கொழுப்பு. உப்பு வெண்ணெய் வாங்கினா சட்னியில பாதி உப்பைக் குறைச்சிடுங்க. ஓரம் வரைக்கும் தடவுங்க. இதுக்கு மேல இதுல பேச என்ன இருக்கு?

வில்லியனூர்_செல்வம்:
பேச நிறைய இருக்கு. இது புதுச்சேரி. நல்ல பாகெட் (நீளமான பிரெஞ்சு ரொட்டி) வாங்கி வட்டமா நறுக்கினா ஊறுற பிரச்சினையே வராது, மேல்தோல் தாங்கும். பாக்கெட் பிரெட்டைக் கட்டிக்கிட்டு ஏன் அழுவுறீங்கன்னு புரியல.

அடுப்படி_அமுதா:
அந்த மேல்தோலைக் கடிக்க மூணு வயசுப் பல்லுக்கு முடியுமா? காலையில வாங்கினது சாயங்காலம் கட்டையா நிக்கும். பெரியவங்க தட்டுக்கு வைங்க, வேணாம்னு சொல்லல. பாகெட்டுக்கும் வெண்ணெய் தடவித்தான் ஆகணும்.

மஞ்சக்குப்பத்தான்:
இப்ப பாகெட்டுக்கும் வெண்ணெயா! 37 டிகிரியில உருகுதா இல்லையான்னு கேட்டதுக்கு "ஏறி நிக்கும்"னு ஒரு வரியில தாண்டிட்டீங்க. உருகின வெண்ணெய் மறுபக்கம் வரைக்கும் ஊறி, குழந்தைங்க கையெல்லாம் பிசுபிசுன்னு ஆகுமே, அதுக்கு என்ன வழி? கெட்டிச் சட்னி, கடைசி நேரத்துல தடவுறது. இது போதும்.

அடுப்படி_அமுதா:
"காலையிலேயே பண்ணி ஃப்ரிட்ஜ்ல வைங்க"ன்னு எழுதினது யாரு? இப்ப "கடைசி நேரத்துல"ன்னு மாத்திட்டீங்க. 32 ஸ்லைஸைக் கடைசி நேரத்துல தடவிக்கிட்டு நின்னா கேக் வெட்டும்போது அம்மா அடுப்படியிலதான் இருப்பாங்க.

மஞ்சக்குப்பத்தான்:
நான் எதையும் மாத்தல. ஃப்ரிட்ஜ்ல வைக்க இடம் இருக்குறவங்க காலையில பண்ணட்டும், இல்லாதவங்க கடைசியில தடவட்டும். ரெண்டுக்குமே வெண்ணெய் வேண்டாம்.

கெடிலக்கரை_மாலா:
செல்வம், மூணு பங்கு தண்ணிக்கு நெய் எவ்வளவுன்னு நீங்க இன்னும் சொல்லல.