பாஸ்க் மொழி: ‘நி’யா ‘நிக்’கா? மொழி உண்மையிலேயே மீண்டுவிட்டதா?

கிள்ளை:
ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பகுதியில் பேசும் பாஸ்க் மொழியை (அவர்கள் சொல்வது எவுஸ்காரா) அடிப்படையிலிருந்து படிக்கிறேன். இரண்டு இடத்தில் முட்டுகிறது. ‘நான்’ என்பது சில வாக்கியங்களில் ‘நி’, சிலவற்றில் ‘நிக்’ என்று வருகிறது, ஏன்? அடுத்தது, ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் நசுக்கப்பட்ட மொழி மீண்டுவிட்டது என்கிறார்கள். யுனெஸ்கோவோ இன்னும் ஆபத்துப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. எதை நம்புவது?

வேர்ச்சொல்:
இலக்கணத்தை மட்டும் சொல்கிறேன். செயப்படுபொருள் குன்றிய வினைக்கு எழுவாய் வெறுமனே நிற்கும்: ‘நி எத்தோரி நைஸ்’, நான் வந்திருக்கிறேன். குன்றா வினை என்றால் எழுவாயோடு ‘க்’ ஒட்டும்: ‘நிக் லிபுருவா எரோசி துத்’, நான் புத்தகம் வாங்கியிருக்கிறேன். நமக்கு முதல் வேற்றுமைக்கு உருபே கிடையாது. இரண்டாம் வேற்றுமைக்குத்தான் ‘ஐ’. அங்கே தலைகீழ். அதனால்தான் நமக்கு ‘க்’ விட்டுப்போகிறது.

இன்னொரு பொறி: ‘கிசோனாக்’ என்றால் ‘மனிதர்கள்’ என்றும் வரும், ‘க்’ ஏற்ற ‘மனிதன்’ என்றும் வரும். ‘கிசோனாக் எத்தோரி திரா’ என்றால் மனிதர்கள் வந்திருக்கிறார்கள். ‘கிசோனாக் இகுசி து’ என்றால் மனிதன் அதைப் பார்த்திருக்கிறான். துணைவினைதான் தீர்ப்பு சொல்லும். ஆகவே பெயர்ச்சொல்லுக்கு முன் துணைவினையைப் பிடியுங்கள். முதலில் குன்றிய வினைக்கான நைஸ், தா வரிசை, பிறகு குன்றா வினைக்கான துத், து, கடைசியில் ‘அவனுக்கு’ என்பதும் சேர்ந்த தியோத். ‘எமன் திஸ்கியோத்’ (அவற்றை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்) என்பதில் ‘எமன்’ கொடுத்தல், ‘ஸ்கி’ கொடுத்தவை பல என்பது, ‘ஓ’ அவனுக்கு, கடைசி ‘த்’ நான். ‘ஸ்கி’யை எடுத்தால் ‘எமன் தியோத்’, கொடுத்தது ஒன்றுதான். முழு அட்டவணையையும் மனப்பாடம் செய்தால் குழம்பும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு உறுப்பை மாற்றிப் பழகுங்கள்.

இந்த மொழியின் அழகே துணைவினையில்தான். நெருங்கியவர்களிடம் பேசும் ‘இக்கா’ வழக்கில், செய்தியில் சம்பந்தமே இல்லாத கேட்பவரின் பாலும் வினையில் ஏறிவிடும். ‘எத்தோரி தா’ (வந்திருக்கிறான்) ஆணிடம் ‘எத்தோரி துக்’, பெண்ணிடம் ‘எத்தோரி துன்’. நாம் ‘வந்துட்டான்டா’, ‘வந்துட்டான்டி’ என்பது மாதிரிதான். அங்கே துணைவினையே உருமாறுகிறது. பெண்ணிடம் பேசும் ‘நோக்கா’ வடிவம்தான் அதிகம் தேய்ந்துவிட்டது. பெண் வாயில் இக்கா முரட்டுத்தனம் என்று பழித்ததும் அதற்குக் காரணம்.

கரைவழி:
கிள்ளை, மீட்சி, ஆபத்து இரண்டுமே சரி. மீட்சியின் அடித்தளம் 1968. பாஸ்க் மொழிக் கழகமான எவுஸ்கால்சைந்தியா, அரான்த்சாசு என்ற ஊரில் கூடி, மொழியியலாளர் கோல்தோ மித்செலெனா முன்வைத்த அறிக்கையின் அடிப்படையில் பொதுமொழியை (பதுவா) உருவாக்கத் தொடங்கியது. ‘ஹ’ எழுத்தை வைப்பதா வேண்டாமா என்பதற்கே பெரும் சண்டை. பதுவா இல்லையென்றால் பாடநூல், தொலைக்காட்சி, அரசு ஆவணம் எதுவும் வட்டார வழக்கைத் தாண்டியிருக்காது. 1979இல் ஸ்பெயினின் பாஸ்க் தன்னாட்சிப் பகுதிக்கான சட்டம், ஸ்பானிஷோடு இணை ஆட்சிமொழித் தகுதி தந்தது. பள்ளிகளில் மூன்று முறைகள் வந்தன: ஏ என்றால் ஸ்பானிஷ் வழி, பாஸ்க் ஒரு பாடம், பி பாதிக்குப் பாதி, டி பாஸ்க் வழி. ஏ முறையில் படித்தவர்கள் பெரும்பாலும் பேச வராமலேயே வெளியே வந்தார்கள். பெற்றோர் டி பக்கம் சாய்ந்ததற்கு அது முக்கியக் காரணம்.

ஆனால் எல்லாப் பாஸ்க் பகுதிகளையும் சேர்த்த 2016 கணக்கில், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் பேசத் தெரிந்தவர்கள் 28.4 விழுக்காடு, அதே ஆண்டு தெருக்களில் காதால் கேட்டு எடுத்த அளவீட்டில் பாஸ்க் பேச்சு 12.6 விழுக்காடுதான். கூட்டத்தில் ஒருவருக்குத் தெரியாவிட்டால் எல்லோரும் ஸ்பானிஷுக்குத் தாவிவிடுகிறார்கள். பள்ளியில் மட்டும் கற்றவர்களுக்குச் சண்டை போடவும் கேலி பேசவும் ஸ்பானிஷ்தான் எளிதாக வருகிறது.

நுழைபுலம்:
எல்லைகளையும் சேர்க்க வேண்டும். ஸ்பெயினிலேயே தனி மாநிலமான நவார்ராவில் 1986 சட்டம் மாநிலத்தை மூன்று மண்டலமாகப் பிரித்தது. தலைநகர் பம்ப்லோனாவே கலப்பு மண்டலம். குடியிருக்கும் ஊரைப் பொறுத்து மொழியுரிமை மாறுகிறது, இது எனக்கு அநியாயமாகவே படுகிறது. பிரான்ஸ் பக்கம் ஆட்சிமொழித் தகுதியே இல்லை. 1969இல் தொடங்கிய செயாஸ்கா என்ற பாஸ்க் வழிப் பள்ளிகள்தான் தாங்குகின்றன. பாடமெல்லாம் வட்டார மொழியிலேயே நடத்தும் முழுமூழ்கல் முறைக் கல்வி அரசமைப்புக்கு முரண் என்று 2021இல் அங்கே தீர்ப்பே வந்தது.

கரைவழி சொன்ன ‘தாவல்’ பழக்கத்தைக் குறிவைத்ததுதான் 2018இல் தொடங்கிய எவுஸ்கரால்தியா என்ற இயக்கம். பதினொரு நாள் சட்டையில் வில்லை குத்திக்கொள்வார்கள். ‘அவோபிசி’ வில்லைக்காரர், புரிந்துகொள்ளும் எவரிடமும் பாஸ்கிலேயே பேசுவார். பதில் ஸ்பானிஷில் வந்தாலும் மாறமாட்டார். ‘பெலாரிபிரெஸ்த்’ வில்லைக்காரர், தனக்குப் பேச்சு தடுமாறினாலும் தன்னிடம் பாஸ்கில் பேசச் சொல்வார். இருமொழி உரையாடல் ஆரம்பத்தில் சங்கடமாகத்தான் இருக்கும். அதைப் பழக்குவதற்குத்தான் அத்தனை நாள்.

கிள்ளை, பதுவாவிலேயே தொடங்குங்கள். பிஸ்காயா, சுபெரோவா போன்ற வட்டார வழக்குகளைத் துணைவினை கைவந்த பிறகு தொடலாம்.