புளோயரை 3-ல் வைத்தால் 'டிர்ர்ர்' சத்தம்

கேள்வி (கோத்தகிரி):
காரில் புளோயர் (ஏசி, ஹீட்டர் காற்றைத் தள்ளும் விசிறி) 1, 2-ல் சத்தமே இல்லை. 3-க்கு மேல் போனால் கிளவ் பாக்ஸ் பக்கம் 'டிர்ர்ர்' என்று அடிக்கிறது. ஏசியை அணைத்தாலும் நிற்பதில்லை. வண்டி நிற்பது சில்வர் ஓக் மரத்தடியில். டேஷ்போர்டைக் கழற்றியே ஆகணுமாங்க?

பதில் 1:
வேண்டாங்க. ஏசி இல்லாமலும் வருவதால் கம்ப்ரஸர் அல்ல. வேகத்தோடு கூடுவதால் விசிறியில் ஏதோ உரசுகிறது, பெரும்பாலும் சருகு. வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடை வழியாக இறங்கிவிடும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கிளவ் பாக்ஸின் இரு பக்கத்தையும் உள்ளே அழுத்தினால் பல வண்டிகளில் கழன்று வரும். மோட்டாரின் சாக்கெட்டை உருவி, அடியில் உள்ள ஸ்க்ரூக்களை (பெரும்பாலும் 3) எடுத்தால் விசிறியோடு கீழே இறங்கும். காம்பு விசிறிப் பற்களுக்கு நடுவே குத்திக்கொண்டு நிற்கும், கையாலேயே எடுங்கள். விசிறி ஓரத்தில் குட்டி இரும்பு கிளிப் இருந்தால் தொடாதீர்கள். பேலன்ஸுக்காக வைத்தது அது, போனால் விசிறி அதிரும்.

பதில் 2:
கழற்றியதும் விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் புஷ் (மோட்டார் தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்துவிட்டது, மோட்டாரை மாற்றணும். எண்ணெய் விட்டால் சில நாளில் சத்தம் திரும்பிவிடும்.

பதில் 3:
கேபின் ஃபில்டரையும் (உள்ளே வரும் காற்றை வடிகட்டுவது) பாருங்க. விசிறிக்கு முன்னால் ஃபில்டர் உள்ள வண்டி என்றால், சருகு தாண்டி வந்திருக்கிறது. எலி கடித்து ஓட்டை போட்டிருக்கலாம். புதுசு போடுங்க. குளிருக்கு ஹீட்டர் போடும்போது 'களக் களக்' என்று கேட்டால் அது வேறு: பெரும்பாலும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவு. எஞ்சின் ஆறின பிறகே கூலன்ட் மூடியைத் திறக்கணும்.