கோக்கோ: தோட்டம் முழுக்க ஒரே குளோன் போடலாமா?

இளவேனில்:
புதிதாகக் கோக்கோ நடப்போகிறேன். அதிகம் காய்க்கும் ஒரே குளோனின் (ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்கியது) ஒட்டுக்கன்றுகளையே எல்லாக் குழிக்கும் போடச் சொல்கிறார்கள். காய் ஒரே சீராக இருக்குமாம். ஆபத்து ஏதும் உண்டா?

மரகதம்:
வேண்டாம் தம்பி. ஒட்டுக்கட்டுவதே என் வேலை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். அந்தக் குளோன் தன் மகரந்தத்தையே ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். கோக்கோவில் பல குளோன்கள் ஏற்காது. ஒரே குளோனின் கன்றுகள் எத்தனை நட்டாலும் மரபில் ஒரே மரம்தான். பூ கொட்டிக் கிடக்கும், பிஞ்சு நிற்காது.

அடுத்தது நோய். பிரேசிலின் பாஹியாவில் பெரும்பாலும் அமெலொனாடோ என்ற கோக்கோ ரகத்தின் வழி மரங்கள், எல்லாம் நெருங்கிய சொந்தம். 1989-இல் துடைப்ப நோய் என்ற பூஞ்சை நோய் புகுந்ததும் சில ஆண்டுகளில் விளைச்சல் சரிந்துபோனது. எதிர்ப்புத்திறன் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1930-களின் கடைசியில் பவுண்ட் என்ற ஆய்வாளர் அமேசான் ஆற்றின் மேற்பகுதியில் தேடிச் சேர்த்த ஸ்கவினா போன்ற மரங்களிலிருந்து. அதையும் அளவுக்கு மீறி நம்பிய இடங்களில் எதிர்ப்பு தளர்ந்துவிட்டது.

கதிரவன்:
அக்கா, பழைய ரகங்கள்தான் விதை வங்கியில் பத்திரமாக இருக்குமே? விவசாயி ஏன் கவலைப்பட வேண்டும்?

மரகதம்:
கோக்கோ விதையை நெல் மாதிரி உலர்த்திக் குளிரில் வைக்க முடியாது, செத்துவிடும். அதனால் டிரினிடாடிலும் கோஸ்டாரிகாவின் துரியால்பாவிலும் உயிருள்ள மரங்களாகவே காக்கிறார்கள். டிரினிடாடில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட வகைகள். களை எடுக்க, கவாத்து செய்ய, பட்ட மரத்துக்குப் பதில் புது ஒட்டு கட்ட ஆண்டுதோறும் பணம் வேண்டும். நிதி நின்றால் அந்த மரங்களும் போய்விடும். எனக்கு இதை நினைத்தாலே பதறுகிறது.

2008-இல் மரபணு ஆய்வில் கோக்கோவைப் பத்துக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஆனால் உலகத் தோட்டங்களில் பெரும்பகுதி அவற்றில் சிலவற்றின் வாரிசுகளே. மிச்சத்தில் என்ன குணம் ஒளிந்திருக்கிறதோ! அவை வளரும் அமேசான் காடும் அழிகிறது.

இளவேனில்:
அப்படியானால் எத்தனை குளோன், எப்படி நடுவது?

மரகதம்:
ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்று ஏற்கும் நாலைந்து குளோன், வரிசை மாற்றி. அவற்றின் தாய்மரங்களும் வெவ்வேறு குடும்பமாக இருக்கட்டும், பெயர் மட்டும் வேறாக இருந்தால் பயனில்லை. வரைபடத்தில் எது எங்கே என்று குறித்து வையுங்கள். நோயைத் தாங்கி நிற்கும் பழைய மரம் இருந்தால், வெட்டும் முன் ஒட்டுக்கான மொட்டுள்ள குச்சி எடுத்து ஒட்டிக் காப்பாற்றிவிடுங்கள்.