புதுப்பிப்பு: கார் கதவு உள்கைப்பிடி கழண்டுருச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, டிரைவர் சைடு கதவை உள்ளருந்து இழுத்துச் சாத்துற கைப்பிடி ஆடுது, கழட்ட வரலைன்னு, நேத்து கழட்டிட்டேன். கைப்பிடி குழிக்குள்ள சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கு, துணி சுத்துன ஸ்க்ரூடிரைவரால நெம்புனா உள்ள ரெண்டு ஸ்டார் ஸ்க்ரூ. மேல உள்ளது சுளுவா வந்துச்சு, கீழ உள்ளதுதான் பாடாப்படுத்திருச்சு, ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல கடலை ஒட்டியே வண்டி நிக்குது, உப்புக்காத்துல அதோட தலை செம்பழுப்பா பொரிஞ்சு போய் கெடந்துச்சு. தலை மழுங்கிட்டா அப்புறம் டிரில்தான், அதனால அவசரப்படாம துருவை இளக்குற ஸ்ப்ரே ரெண்டு சொட்டு விட்டு அரைமணி நேரம் ஊறவச்சு, ஸ்க்ரூ தலைப் பள்ளத்துல சரியா உட்கார்ற ஸ்க்ரூடிரைவர் பிட்டை நல்லா அமுக்கிப் பிடிச்சு, முதல்ல லேசா இறுக்குற பக்கம் திருப்பி அப்புறம் கழட்டுனேன், டக்குனு விட்டுருச்சு. பின்னாடி கிளிப் ரெண்டு இருக்கு, பிடுங்காம மெதுவா இழுங்க. இப்ப ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, கிரீஸ் தடவி மாட்டியிருக்கேன். கீழ்ஸ்க்ரூவை ஊறவைக்கச் சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றிண்ணே.