ஆட்டுத் தோல் தட்டினால் இளகுகிறது, விடிந்தால் மறுபடி விறைக்கிறது. அவசர உதவி தேவை

பெரியபட்டினத்தான் | வெள்ளி, இரவு 10:40

எல்லோருக்கும் சலாம், வணக்கம். பக்ரீத் தோல் இரண்டு கையில் இருக்கிறது. வழக்கமாக மதரஸாவில் வாங்கிக்கொள்வார்கள். இந்தத் தடவை வியாபாரி வரவில்லை, வேண்டாம் என்றுவிட்டார்கள். மண்ணில் புதைக்க மனசு வரவில்லை. உப்புப் போட்டு, கழுவி, காயவைத்து, மூன்று நாளாகக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) தட்டிக்கொண்டிருக்கிறேன். தட்டத் தட்ட இளகுகிறது, சாயங்காலம் துணி மாதிரி மடிக்க முடிகிறது. காலையில் பார்த்தால் பிசுபிசு. பத்து மணி வெயில் பட்டதும் பலகை. நேற்று மடித்த இடத்தில் வெடிப்பும் விட்டுவிட்டது. மருந்து எதுவும் போடாமல் கைவேலையிலேயே மெதுவாக்க வேண்டும். ஒரு தோள்பை தைக்க முடிந்தால் போதும். இன்னும் எத்தனை நாள் தட்ட வேண்டும்? செவ்வாய்க்கிழமை ஊரிலிருந்து கிளம்புகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

வெள்ளாடு_வளர்ப்பு | வெள்ளி, இரவு 11:05

என்ன ஆடு என்றே சொல்லவில்லையே. வெள்ளாடா, செம்மறியா? கமுதிப் பக்கம் நாங்கள் இரண்டும் வளர்க்கிறோம், இரண்டின் தோலும் ஒன்றில்லை. செம்மறித் தோலில் மேல் படலத்துக்கும் அடிப் படலத்துக்கும் நடுவே கொழுப்பு கிடக்கும், தட்டினால் இரண்டும் பிரிந்து வரும். நம் ராமநாதபுரம் வெள்ளை என்ற செம்மறி கம்பளி இல்லாத மயிராடு என்பதால் கம்பளி ஆட்டை விடத் தேவலை. என்றாலும் வெள்ளாட்டுத் தோலின் இறுக்கம் அதற்கு வராது. வெடித்தது செம்மறி என்றால் அதை விட்டுவிடுங்கள்.

தவில்_தோல் | சனி, காலை 6:20

தேவிபட்டினத்தில் வாத்தியத்துக்குத் தோல் கட்டுகிறேன். தவிலுக்கு ஒரு பக்கம் எருமைத் தோல், ஒரு பக்கம் ஆட்டுத் தோல். இரண்டும் பதனிடாத தோல்தான், அதாவது பட்டையோ எண்ணெயோ ஏற்றிப் பக்குவம் செய்யாதது. பதனிடாத தோல் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் கக்கும். பறையைத் தீயில் காய்ச்சிவிட்டு அடிப்பதும் இதற்காகத்தான். ஈரம் போனதும் தோல் இறுகிச் சத்தம் எழும்பும். ஆகவே உங்கள் தோலில் குறை எதுவும் இல்லை, அதன் சுபாவமே அதுதான். நல்ல தோலை ஏன் பையாக்க வேண்டும்? வெள்ளாட்டுத் தோல் என்றால் வளையத்தில் கட்டுங்கள்.

நூற்றுக்குநூறு | சனி, காலை 8:15

இந்தக் குழுவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். கேள்வி கேட்பதற்கு ஒரு முறை உண்டு என்று எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். "உப்புப் போட்டு, கழுவி, காயவைத்து" என்றால் யாருக்கு என்ன புரியும்? எந்த உப்பு, எவ்வளவு? எந்தத் தண்ணீர்? எங்கே காயவைத்தீர்கள்? மயிரை எப்படி எடுத்தீர்கள்? எண்ணெய் தடவினீர்களா, தடவியிருந்தால் என்ன எண்ணெய்? இது ஒன்றும் இல்லாமல் "எத்தனை நாள்" என்று கேட்டால் ஜோசியரிடம்தான் போக வேண்டும். பதனிடாத தோல் எது, பதனிட்ட தோல் எது என்ற அடிப்படையைத் தெரிந்துகொண்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

கீழக்கரை_லாத்தா | சனி, காலை 9:02

நூற்றுக்குநூறு ஐயா, தம்பி பதற்றத்தில் எழுதியிருக்கிறார், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள். உங்கள் கேள்விகள் எல்லாம் சரியானவை.

தம்பி, எங்கள் உம்மும்மா (அம்மாவின் அம்மா) ஆட்டுத் தோலை மயிரோடு பதம் பண்ணி, உட்காருவதற்கென்று வைத்திருந்தார்கள். வெயிலில் போடவே மாட்டார்கள், திண்ணை நிழலில்தான் காயும். பாதி காயும்போதே இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து இழுப்பார்கள். சின்ன வயதில் நானும் ஒரு முனையைப் பிடித்திருக்கிறேன், கை சிவந்துபோகும். அவர்கள் தட்டிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, இழுப்புதான்.

பெரியபட்டினத்தான் | சனி, மதியம் 1:30

மன்னிக்கவும், எல்லாம் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன். ஒன்று வெள்ளாடு, ஒன்று செம்மறி. வெடித்தது வெள்ளாடு. உப்பு நம் உப்பளத்துக் கல்லுப்பு, இரண்டு கிலோ இருக்கும். கழுவியது கடலில்தான், வீட்டுக்கு எதிரே கடல். காய்ந்தது தகரக் கூரை மேல். மயிரைப் பிளேடால் மழித்தேன். தேங்காய் எண்ணெய் அரை லிட்டர் தேய்த்தேன்.

வெள்ளாடு_வளர்ப்பு | சனி, மதியம் 1:48

வெடித்தது வெள்ளாடா! அப்படியானால் தகரக் கூரைதான் காரணம். ஆவாரம் பட்டையைச் சேருங்கள், எங்கள் பக்கம் காடெல்லாம் கிடக்கிறது. அந்தக் காலத்தில் சீமைக்குக் கப்பல் ஏறிய நம் பதனிட்ட தோலில் நிறைய ஆவாரம் பட்டையில் பதம் ஆனதுதான். முதலில் சுண்ணாம்பில் ஊறப்போடுங்கள். கடற்கல்லைச் சுட்ட சுண்ணாம்பு கிடைத்தால் அதுபோல் வேறு வராது.

தங்கச்சிமடம்_வள்ளம் | சனி, மாலை 4:10

கடற்கல் என்று நீங்கள் சொல்வது பவளம், அண்ணே. தயவுசெய்து அந்தப் பேச்சே வேண்டாம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001இலிருந்து பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலியோடு சேர்ந்து இருக்கிறது. செத்த கல்லைக்கூடத் தொடக் கூடாது.

வெள்ளாடு_வளர்ப்பு | சனி, மாலை 4:31

கரையில் ஒதுங்கிக் கிடப்பதைப் பொறுக்கினால் என்ன வந்துவிடப் போகிறது? எங்கள் தாத்தா வீடு அந்தச் சுண்ணாம்பில் பூசியது, இன்றுவரை ஒரு விரிசல் இல்லை.

தங்கச்சிமடம்_வள்ளம் | சனி, மாலை 5:00

தாத்தா காலத்தில் வண்டி வண்டியாக வெட்டி எடுத்ததால்தான் இன்றைக்கு இப்படி நிற்கிறோம். பூவரசன்பட்டித் தீவு தண்ணீருக்குள் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பவளப் பார் இருந்தால்தான் மீன், மீன் இருந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு கடையில் கிடைக்கிறது, தோலுக்கு அது போதும். கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெள்ளாடு_வளர்ப்பு | சனி, மாலை 5:12

சரி தம்பி, கிளிஞ்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தீவு விஷயம் எனக்குத் தெரியாது.

கலவை_மெஷின் | சனி, இரவு 7:45

தோலுக்கு வருவோமா? கையால் தட்டி எத்தனை நாள் முடியும்? தோல் பதனிடும் பெரிய ஷெட்டுகளில் மர டிரம்முக்குள் போட்டுச் சுற்றுகிறார்கள். தோல் மேலே ஏறி, விழுந்து, ஏறி, விழுந்து தானாக இளகும். பரமக்குடியில் என்னிடம் பழைய கான்கிரீட் கலவை மெஷின் ஒன்று இருக்கிறது. உள்ளே நன்றாகக் கழுவி, ரப்பர் பந்து நான்கைப் போட்டு மெதுவாகச் சுற்றினால் அதே வேலைதான். மூன்று நாள் வேலை மூன்று மணி நேரத்தில் முடியும்.

ஷெட்_மேஸ்திரி | சனி, இரவு 9:30

வாணியம்பாடியில் 22 வருடம் தோல் ஷெட் வேலை. இப்போதுதான் இந்தப் பேச்சைப் பார்த்தேன். தம்பி, இன்று இரவே தட்டுவதை நிறுத்துங்கள்.

தோல் என்பது பின்னிக் கிடக்கும் நார். பச்சைத் தோலின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அது வெளியேறும்போது நாரோடு நார் படிகிறது. இடையில் இருக்கும் வழவழப்பான சத்து காய்ந்து பசையாகிறது, அதனால்தான் பலகை ஆகிறது. தட்டுவதும் இழுப்பதும் அந்த ஒட்டைப் பிரிக்கும் வேலை. ஆனால் பிரிக்க வேண்டியது காயும்போது, காய்ந்த பிறகு இல்லை. முழுக்கக் காய்ந்த தோலைக் கொட்டாப்புளியால் அடித்தால் நார் பிரியாது, முறியும். உங்கள் வெடிப்பு அப்படி வந்ததுதான். கலவை மெஷின்காரருக்கும் இதையேதான் சொல்வேன். டிரம் நல்லதுதான், ஆனால் பலகையாக இருப்பதை உள்ளே போட்டால் மடிப்பு மடிப்பாக உடைந்து வரும்.

லாத்தா சொன்ன இழுப்பு நூற்றுக்கு நூறு சரி. எங்கள் ஷெட்டில் அதற்கென்றே மெஷின் இருக்கிறது, அதற்குக் கொடுக்கும்போது தோலில் 20 சதவீதம் அளவுக்கு ஈரம் வைத்துக் கொடுப்போம். வீட்டில் கருவி வேண்டாம். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், தண்ணீர் ஒட்டக் கூடாது. மடித்துப் பிழிந்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழ வேண்டும். அதுதான் நேரம். அப்போது தொடங்கி, முழுக்கக் காயும்வரை விடாமல் இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனால் அந்த இடம் விறைத்துவிடும்.

இரண்டாவது, பிளேடு. மழித்தால் மயிரின் மேல்பகுதிதான் போகும், வேரும் மேல்தோலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். சுண்ணாம்பில் மூன்று நான்கு நாள் ஊறினால் மயிர் வேரோடு கழலும், அந்தப் பசைச் சத்தும் கரைந்து நார் விரியும். இந்த வேலையைக் கொட்டாப்புளி செய்யாது.

மூன்றாவது, தகரக் கூரை. ஈரமான பச்சைத் தோல் 60 டிகிரியைத் தாண்டினாலே சுருங்கி வேகத் தொடங்கும். உங்கள் ஊர் வெயிலில் தகரம் அந்தச் சூட்டைத் தொடும். வெந்த இடத்தை இனி யாராலும் மீட்க முடியாது, வெட்டி எடுத்துவிடுங்கள்.

நூற்றுக்குநூறு | சனி, இரவு 10:05

மேஸ்திரி சொல்வதெல்லாம் சரி, ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டார். காலையில் பிசுபிசு, பத்து மணிக்குப் பலகை. இது எதனால்? கடலில் கழுவியதால். கடல் நீரில் சமையல் உப்பு மட்டும் இல்லை, மெக்னீசியம் உப்பும் உண்டு. அது காற்றின் ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் கல்லுப்புச் சாடி கசிவதும் அதனால்தான். தோலுக்குள் அந்த உப்பு இருக்கும்வரை ராத்திரி ஈரம், பகலில் இறுக்கம், மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும். கடற்கரையில் கேட்கவே வேண்டாம். தவில்காரர் சொன்ன சுபாவமும் உண்மைதான், ஆனால் அது மட்டும் பிசுபிசுப்பைத் தராது. தோலில் இளஞ்சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பளத்து உப்பில் வாழும் நுண்ணுயிர் தோலில் பிடித்தால் அப்படிச் சிவக்கும், அது பரவினால் தோல் கெடும்.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஓரத்தில் இரண்டு வார் வெட்டுங்கள். ஒன்றை நல்ல தண்ணீரில் நான்கு தடவை மாற்றி மாற்றி ஊறவைத்துக் கழுவி நிழலில் காயவையுங்கள். இன்னொன்றை அப்படியே விடுங்கள். ராத்திரி இரண்டையும் வாசலில் தொங்கவிட்டுக் காலையில் தொட்டுப் பாருங்கள்.

கீழக்கரை_லாத்தா | சனி, இரவு 10:20

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம் தம்பி, நம் பக்கம் அதுவும் உவர்ப்புதான். குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஊருணித் தண்ணீர்.

தங்கச்சிமடம்_வள்ளம் | ஞாயிறு, காலை 5:50

தேங்காய் எண்ணெயைப் பற்றி யாரும் பேசவில்லை. வள்ளத்துக்குப் பூச நாங்கள் மீன் எண்ணெய்தான் எடுப்போம். மத்தி எண்ணெயைப் பலகையில் தடவினால் நாலைந்து நாளில் காய்ந்து பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் வழிந்துகொண்டே இருக்கும். தோலுக்கும் மத்தி எண்ணெய் போட்டுத் தட்டினால் என்ன? மேஸ்திரி அண்ணே, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஷெட்_மேஸ்திரி | ஞாயிறு, காலை 8:40

அருமையான கேள்வி. கார் துடைக்கும் மஞ்சள் தோல் தெரியுமா, ஷமாய் என்பார்கள்? அது மீன் எண்ணெயால் பதம் ஆவதுதான், வழக்கமாகக் காட் மீன் எண்ணெய். எண்ணெய் ஊற்றிச் சம்மட்டியால் குத்திக் குத்தி உள்ளே ஏற்றுவார்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து மாறி நாரோடு பிணைந்துகொள்கிறது. அப்புறம் நனைத்துக் காயவைத்தாலும் முன்போல் பலகை ஆகாது, லேசாகக் கசக்கினால் போதும். மத்தி எண்ணெயும் அதே குணம்தான். தேங்காய் எண்ணெய் அப்படி மாறாது, வழுக்க மட்டும் செய்யும்.

பெரியபட்டினத்துத் தம்பி, மருந்து வேண்டாம், கைவேலைதான் வேண்டும் என்றீர்களே, உங்களுக்கு ஏற்ற வழி இதுதான். நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு உப்பை எடுங்கள். தோலின் எடையில் பத்தில் ஒரு பங்கு கிளிஞ்சல் சுண்ணாம்பு, மூழ்கும் அளவு தண்ணீர், தினமும் புரட்டிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பிறகு உருளையான மேடையில் போட்டு இரண்டு புறமும் சீவ வேண்டும். ஆறு அங்குல பிவிசி குழாயைப் பனந்தடி மேல் மாட்டினால் மேடை தயார், வெறும் பனந்தடியின் சிலாம்பு தோலைக் கிழிக்கும். மயிர்ப்புறத்து மேல் படலத்தையும் சீவி எடுத்தால்தான் எண்ணெய் வேகமாக ஏறும். பை மினுமினுப்பாக இருக்காது, துணி மாதிரி இருக்கும்.

அதன் பிறகு கோதுமைத் தவிடு புளித்த தண்ணீரில் ஒரு ராத்திரி. சுண்ணாம்பு போய்விட்டதா என்று பார்க்க, ஓரத்தை வெட்டி, வெட்டு வாயில் மஞ்சள் தூள் வையுங்கள். சிவந்தால் உள்ளே இன்னும் இருக்கிறது, மறுபடி ஊறட்டும். மஞ்சளாகவே நின்றால் பிழிந்து, அரை ஈரத்தில் மத்தி எண்ணெய் தேய்த்து, இப்போது எடுங்கள் உங்கள் கொட்டாப்புளியை. தட்டுவது, விரித்துக் காற்றாட விடுவது, மறுபடி எண்ணெய், மறுபடி தட்டுவது. நாலைந்து நாள் ஆகும், நிறம் மஞ்சளாகி வரும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எண்ணெய்த் தோலையும் துடைத்த துணியையும் குவித்து வைக்கக் கூடாது. எண்ணெய் மாறும்போது சூடு கிளம்பும், குவியல் தானே தீப்பிடிக்கும்.

கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீரில் சலவைச் சோடா போட்டு மிச்ச எண்ணெயைக் கழுவிவிட்டு, லாத்தா சொன்ன மாதிரி இழுப்பு. எதிரே இழுக்க ஆள் இல்லையென்றால் வள்ளத்துக் கயிற்றை இரண்டு தூணுக்கு நடுவே முறுக்காகக் கட்டி, தோலை அதன் மேல் போட்டு இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுங்கள்.

தவில்_தோல் | ஞாயிறு, காலை 9:15

செம்மறித் தோலை மட்டும் பை ஆக்குங்கள். வெள்ளாட்டுத் தோலை எனக்குக் கொடுத்தால் பதிலுக்கு நானே ஒரு நல்ல வார் வெட்டித் தருகிறேன்.

ஷெட்_மேஸ்திரி | ஞாயிறு, காலை 9:40

அண்ணே, வெடித்த தோல் வாத்தியத்துக்கு ஆகாது, உங்களுக்கே தெரியும்.

கலவை_மெஷின் | ஞாயிறு, மாலை 6:00

எண்ணெய் ஏற்றும் கட்டத்தில் என் மெஷினைப் பயன்படுத்தலாமா? அப்போது ஈரம் இருக்குமே.

ஷெட்_மேஸ்திரி | ஞாயிறு, மாலை 6:25

தாராளமாக. அப்போது டிரம்தான் சரி. உள்ளே துரு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துரு பட்டால் தோலில் கறை ஏறும்.

பெரியபட்டினத்தான் | திங்கள், இரவு 11:50

வார் சோதனை செய்தேன். கழுவியது காலையில் உலர்ந்திருந்தது, பிசுக்கு இல்லை. கழுவாதது கையில் ஒட்டியது. நூற்றுக்குநூறு ஐயா, நன்றி. சிவப்புப் புள்ளி இல்லை. வெந்த ஓரத்தை வெட்டிவிட்டேன். இரண்டையும் சுண்ணாம்பில் போட்டாயிற்று. விடியற்காலை வண்டி, மீதியை என் தம்பி பார்ப்பான்.

நூற்றுக்குநூறு | செவ்வாய், காலை 7:30

எத்தனை சுண்ணாம்பு, எத்தனை தண்ணீர் என்று தம்பியை எழுதச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம்_வள்ளம் | வியாழன், இரவு 8:20

அவர் கிளம்பிவிட்டார் போல. நான் பெரியபட்டினம் போய் மத்தி எண்ணெய் மூன்று லிட்டர் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளாட்டுத் தோலில் மயிர் விரலால் தள்ளினாலே வருகிறது. செம்மறி இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். துடைத்த துணியைத் தண்ணீர் வாளியில் போடச் சொல்லி இரண்டு தடவை சொன்னேன்.