புதுப்பிப்பு: வேனின் பிரேக் கோளாறுக்குக் காரணம் தெரிந்துவிட்டது

எங்கள் குடும்ப வேனின் முன்பக்க இடது சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதையும், புதிய பிரேக் பேட் விரைவிலேயே தேய்ந்துவிடுவதையும் முன்பு எழுதியிருந்தேன். பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும் பாகமான காலிப்பரை மாற்றிய பின்பும் தொல்லை தீராததால், வேறொரு மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, பிரேக்கை மிதித்து விட்டபின் சக்கரம் சுழலாததைக் காட்டிவிட்டு, காலிப்பரிலிருந்து பிரேக் ஆயிலை வெளியேற்றும் பிளீடர் திருகைச் சற்றே தளர்த்தினார்; கறுத்த ஆயில் பீச்சியடித்த மறுகணமே சக்கரம் தாராளமாகச் சுழன்றது. பிரேக் மிதியிலிருந்து ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் பக்க இணைப்பைத் தளர்த்தியபோதோ இறுக்கம் விடவில்லை. ஆக, அடைப்பு இவ்விரண்டுக்கும் நடுவில்தான்: காலிப்பருக்கு ஆயில் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸின் உட்சுவர் உப்பி, மிதிக்கும்போது செல்லும் ஆயிலைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கிறது. வெளியே ஒரு வெடிப்புகூடத் தெரியவில்லை என்பதுதான் அச்சமூட்டுகிறது. முன்பக்க ஹோஸ்கள் இரண்டையும் மாற்றி, டாட் 4 தரத்திலான புதிய பிரேக் ஆயிலும் நிரப்பினோம். இப்போது நெடுந்தூரம் ஓடிய பிறகும் இரு சக்கரங்களும் ஒரே அளவான சூட்டில் இருக்கின்றன. பேட் தேய்மானத்தை அடுத்த சர்வீஸில் அளந்து எழுதுகிறேன்.